ஊதா நிறம் மாறாத அந்தக் குப்பி

மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாடு. கடைசி மருந்திலிருந்து 72 மணி நேரம் பாலைச் சேர்க்கக் கூடாது என்று மருந்து அட்டையிலேயே போட்டிருந்தது, காலில் சிவப்புப் பட்டையும் கட்டியிருந்தேன். நான் இல்லாத சாயங்காலம் கறந்தவருக்குப் பட்டை தெரியவில்லை, அதன் மேல் சாணி அப்பிக் காய்ந்திருந்தது. ஒரே ஒரு வேளைப் பால், மொத்தத் தொட்டியில் போய்விட்டது. பாலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் குப்பி ஊதாவிலிருந்து மஞ்சளாகத் திரும்பினால் பால் நல்ல பால். மூன்று மணி நேரம் கழித்தும் வரிசையில் என் குப்பி மட்டும் ஊதாவாகவே நின்றது. தொட்டியைத் திறந்துவிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

*

எனக்கும் இதேதான். ஒரு காம்பில்தானே மருந்து ஏற்றினோம் என்று மற்ற மூன்றையும் கறந்து ஊற்றினேன், பிடிபட்டேன். ஆனாலும் ஒரு மாட்டுப் பாலுக்காக மொத்தத்தையும் கொட்டச் சொல்வது அதிகம். காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்?

*

மேலே எழுதியவருக்கு: காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வரும், அதனால்தான் மாட்டின் முழுப் பாலையும் ஒதுக்கச் சொல்கிறார்கள். நான் தயிர்க்கூடத்தில் வேலை பார்த்தவன். ஒருநாள் உறை ஊற்றிய பால் காலையில் மூடியைத் திறந்தால் அப்படியே தண்ணீராக நின்றது, பென்சிலின் உறைக்கிருமியைக் கொன்றிருந்தது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் அதைக் குடித்திருந்தால்? தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: பட்டையை இரண்டு காலிலும் கட்டுங்கள், அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள், மருந்து கொடுத்த தேதியும் நேரமும் நோட்டில் ஏறட்டும், கணக்கு கடைசி மருந்திலிருந்துதான் தொடங்கும், முதல் ஊசியிலிருந்து அல்ல. அப்புறம், அளவைக் கூட்டினாலோ வேறு நோய்க்குப் போட்டாலோ அட்டைக் கணக்கு செல்லாது, கால்நடை மருத்துவரிடம் புதிதாகக் கேட்க வேண்டும்.

*

எல்லோரும் ஊசியையே பேசுகிறீர்கள். என் பாலை வாங்க மறுத்தது தீவனத்தால். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைத் தின்ற மாடு அதை எம்1 என்ற வடிவில் பாலில் இறக்கும், அதுவும் காய்ச்சினால் போகாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05, பத்து மடங்கு கெடுபிடி. என் மூட்டை வெளியே உலர்ந்துதான் இருந்தது. கையை உள்ளே விட்டேன், நடுவில் வெதுவெதுப்பாக, கட்டி கட்டியாக இருந்தது. அதற்குள் பாதி மூட்டை தீர்ந்திருந்தது.