‘கோல்ட் ரீடிங்’: ‘போட்டுவாங்கல்’ எனலாமா?

அவையோருக்கு வணக்கம்.

பிறர் மனத்தில் உள்ளதை அறிந்து சொல்வதாகக் கூறுவோர் கையாளும் ‘கோல்ட் ரீடிங்’ (cold reading) என்னும் உத்திக்குக் ‘குளிர்வாசிப்பு’, ‘மனவாசிப்பு’ என இரு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஆங்கிலத்தில் அந்த முதற்சொல் முன்னேற்பாடு இல்லாமையையே குறிக்கிறது. குளிருக்கு அங்கே வேலையில்லை. ‘மனவாசிப்பு’ என்றாலோ, மனம் உண்மையிலேயே படிக்கப்பட்டது என்று நாமே சான்றளித்தவர்கள் ஆவோம்.

என் அத்தை கணவரை இழந்த ஆண்டில் குறி கேட்கப் போனபோது உடனிருந்தேன். “நெஞ்சுப் பக்கம் ஒரு வலி தெரிகிறது” என்று சொல்லிவிட்டுக் குறி சொல்லும் அம்மாள் நிறுத்தினார். அத்தையின் கை வெறுங்கழுத்தைத் தடவியது. “தாலி கட்டியவர்தானே?” என்று அவர் கேட்டதும், பெயர், நோய், இறந்த நாள் என எல்லாவற்றையும் அத்தையே அழுதுகொண்டு சொன்னார். ஆனால் வீடு திரும்பியதும், “நான் வாயே திறக்கவில்லை, எல்லாம் அவராகச் சொன்னார்” என்றார். அதை முழுமையாக நம்பியும் இருந்தார்.

இதைத்தான் நம் மக்கள் ‘போட்டு வாங்குவது’ என்கிறார்கள். ‘போட்டுவாங்கல்’ கொச்சை என்று ஒதுக்கப்படலாம். ஆனால் உத்தியின் இயக்கம் முழுவதும் அந்த இரு வினைகளில் அடங்கிவிடுவதால், இதைவிடத் துல்லியமான சொல் எனக்குத் தென்படவில்லை. போடப்படுவது எவருக்கும் பொருந்தும் பேச்சு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியலாளர், பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டிய ஒரே குணவிவரத்தைத் தம் மாணவர்கள் 39 பேருக்கும் தனித்தனியே கணித்ததுபோல் தந்தார்; அதன் துல்லியத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26.

நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘குறிப்பறிதல்’ அழகிய சொல். ஆயினும் குறளில் அரசன் முகம் நோக்கும் அமைச்சனுக்கும் காதலர்க்கும் வழங்கிய அதை, ஏமாற்றுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாஷிங்டன் இர்விங் பிஷப் என்னும் அமெரிக்க மேடை வித்தைக்காரர், பொருளை ஒளித்தவரின் கையைப் பற்றியபடி, அக்கை தன்னையறியாமல் காட்டும் சிற்றசைவைக் கொண்டே அப்பொருளைக் கண்டெடுத்தார். அத்திறமைக்குத் ‘தசைக்குறிப்பறிதல்’ பொருந்தும்.

வந்தவரைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு சொல்வதற்கு ‘உளவறிந்துரைத்தல்’ என்று எண்ணியுள்ளேன். அது நீளமாக இருக்கிறது. சுருங்கிய சொல் கிடைத்தால் தந்துதவுங்கள்.