ஒத்திகைக்கு யார் காசு தருவது? கைகொடுத்தவர்கள் எழுதுங்கள்

திண்ணைவாசி:
சோதனை நடனம், நடனத்தோடு நாடகம், ஓவியம், களரிப்பயிற்று என்ற கேரளத் தற்காப்புக் கலை எல்லாம் கலந்த நிகழ்த்துகலை என்று இயங்குகிறவர்களுக்கு நீங்கள் எந்த வகையிலாவது துணை நின்றிருக்கிறீர்களா? அரங்கேற்றம் என்றால் சென்னையில் சபா இருக்கிறது, குடும்பமே கடன் வாங்கிச் செலவு செய்கிறது. சலங்கையும் பாட்டும் இல்லாமல் ஒருவர் அரைமணி நேரம் சுவரோரமாக நகர்வதற்கு யார் செலவு செய்கிறார்கள்? பணம்தான் என்றில்லை, இடம், விளக்கு, சாப்பாடு எதுவானாலும் எழுதுங்கள்.

மாடிவீட்டு அக்கா:
நான் இடம் கொடுத்தேன். அடையாறில் எங்கள் வீட்டு மாடியில் யோகா வகுப்புக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. காலை வகுப்பு முடிந்தால் மாலை வரை சும்மாதான் கிடக்கும். தெரிந்த பெண் ஒருத்தி வந்து வாடகை கேட்டாள். கரண்ட் பில்லை மட்டும் பார்த்துக்கொள் என்றேன்.

உள்ளே வந்ததும் அவள் முதலில் செய்த வேலை, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தது. ஜன்னல் பக்கம், நடுவில், மூலையில் என்று நாலு இடத்தில் தட்டினாள். "டைல்ஸுக்குக் கீழே சிமென்ட்தானே அக்கா? இதில் குதித்தால் முழங்கால் போய்விடும்" என்றாள். மரப்பலகைக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட தரைதான் வேண்டுமாம், கால் பட்டால் லேசாக அமுங்கிக் கொடுக்கவேண்டுமாம். அதற்கு நான் எங்கே போவேன்? சரி என்று படுத்து உருளும் பகுதிகளை மட்டும் இங்கே பழகினாள். பிறகு மேடையில் பார்த்தால் உருளும் பகுதிதான் பாதிக்கு மேல். விமர்சனம் எழுதிய ஒருவர் அதை 'மண்ணோடான உறவு' என்று எழுதியிருந்தார். எங்கள் டைல்ஸோடான உறவு என்று எனக்கல்லவா தெரியும்!

லைட் அண்ணன்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கமும் அதே கதைதான். ஹாலை மதியத்துக்கு மேல்தான் திறந்துவிடுவார்கள், ஏழு மணிக்கு ஷோ. இந்த வகை நடனத்தில் முகத்துக்கு வெளிச்சம் அடித்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் கணுக்கால் உயரத்தில் ஒரு விளக்கு, இடுப்பு உயரத்தில் ஒன்று வைத்தால்தான் உடம்பு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். அதைக் கட்டி, திருப்பி, ஆடுபவரை நிற்கவைத்துப் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும்.

ஒரு முறை ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஸ்பான்சர் பேனரைக் கொண்டுவந்து கறுப்புத் திரைமேல் கட்டிவிட்டார்கள். மஞ்சள் பேனர், சிவப்பு எழுத்து. நான் எந்த விளக்கைப் போட்டாலும் பேனர்தான் முதலில் ஆடுகிறது. சண்டை போடவில்லை. "வாசலில் வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், இங்கே இருட்டில் யார் சார் படிக்கப்போகிறார்கள்" என்றேன். ஸ்பான்சரே ஆள் வைத்துக் கழற்றிக் கொண்டுபோனார்.

பெசன்ட் நகர்க்காரர்:
இடம் என்றதும் நடன அமைப்பாளர் சந்திரலேகா ஞாபகம்தான் வருகிறது. எலியட்ஸ் பீச் சாலையில் அவருடைய வீடும், ஒத்திகையும் நிகழ்ச்சியும் நடக்கும் 'ஸ்பேசஸ்' வளாகமும் ஒன்றே. பலர் அவரைத் தனியாளாக நின்று சாதித்தவராகவே பேசுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதை. பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தவர் திரும்ப ஆடவந்தது, 1984இல் மும்பையில், ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனின் ஜார்ஜ் லெஷ்னர் முன்னின்று நடத்திய கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில். அடுத்த ஆண்டே அவருடைய 'அங்கிகா' என்ற நடனப் படைப்பு வந்தது. களரியும் யோகமும் பரதமும் ஒரே மேடையில். ஒளியமைப்புக்குச் சதானந்த் மேனன் கூடவே இருந்தார். 2001இல் வந்த 'சரீரா'வில் நடனக்காரர் அல்லாத கவிஞர் டிஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும், துருபத் என்ற இந்துஸ்தானி இசை பாட குந்தேச்சா சகோதரர்கள். இப்படிப்பட்டவர்கள் ஒரு கூரையின் கீழ் மாதக்கணக்கில் பழக இடம் இருந்ததால்தான் அது நடந்தது. சந்திரலேகாவிடம் ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தனியாகத் தன் வழியில் போனார். அவருடைய படைப்புகளுக்கு இசை தந்தவர் சென்னையிலேயே தங்கிவிட்ட சாக்ஸபோன்காரர் மார்ட்டன் விஸ்ஸர்.

மனு எழுதுபவள்:
நான் கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். ஆடத் தெரியாது, பட்ஜெட் போடத் தெரியும். படிவத்தில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: இதன் விளைவு என்ன? அடுத்த மாதம் என்ன கண்டுபிடிக்கப்போகிறீர்கள் என்று இன்றே கேட்பது மாதிரி. அப்புறம் பட்ஜெட். ஹால் வாடகை, பயணம், போஸ்டர் எல்லாம் தப்பிவிடும். 'ஒத்திகை நாட்களுக்கு ஆட்டக்காரர் ஊதியம்' என்ற வரிமேல்தான் கத்தி விழும். இப்போதெல்லாம் அந்த வரியை முதலிலேயே போடுகிறேன், அதைக் குறைத்தால் ஷோ இல்லை என்று பேசியே வாங்குகிறேன்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாமே என்பார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இருக்கிறது. ஆனால் கலையை வளர்ப்பது பற்றிப் பேசும் இடத்தில் 'பாரம்பரியக் கலைகள்' என்றுதான் இருக்கிறது. அதைக் காட்டி "கரகம் இருந்தால் சொல்லுங்கள்" என்று எங்களை அனுப்பிவைத்தார்கள். கரகக்காரர்களுக்காவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கிராண்ட் தருகிறது. அங்கே எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம். தமிழில் யோசிக்கிறவர்கள் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் அலங்காரம் செய்து அனுப்பியதைவிட, என்னிடம் வந்தவர்கள் தமிழில் சொன்னதுதான் எப்போதும் தெளிவாக இருந்தது.

மாடிவீட்டு அக்கா:
லைட் அண்ணே, டைல்ஸ்மேல் விரிக்க வினைல் ரோல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

லைட் அண்ணன்:
வாங்குங்கள் அக்கா, ஆனால் அது வழுக்காமல் இருக்கத்தான், முழங்காலைக் காப்பாற்றாது. அடியில் பிளைவுட்டும் ரப்பரும் கொடுக்கவேண்டும். ரோலை மடித்துவிடாதீர்கள், குழாயில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். மடிப்பு விழுந்தால் கால் தடுக்கும். தச்சர் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன். அளவெடுத்து வையுங்கள்.