1966 கப் கேடட் 122: மறுதயாரிப்பு பாகங்களில் எதை வாங்கலாம், எதைப் பழசிலேயே சரிசெய்யலாம்?

மஞ்சள்வண்டி:

வண்டி இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் (ஐஎச்) கப் கேடட் 122, புல் வெட்டுற சின்னத் தோட்ட டிராக்டர், 1966 மாடல். எஞ்சின் கோலர் கே301, 12 குதிரைத்திறன், கியர் வண்டி. நாலு குறை இருக்கு. மேட்டுல ஏறும்போது கிளட்ச் நழுவுது. கார்புரேட்டர்ல த்ராட்டில் தண்டு ஆடுது, ஐடிலிங் ஏறி இறங்குது. ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுத்துது. பேட்டரி சார்ஜ் ஏறல. டீலர்கிட்ட போனா பாதி பாகத்துக்கு "இனி வராது"ன்னு பதில். ஆன்லைன்ல எல்லாத்துக்கும் மறுதயாரிப்பு (பழைய பாகத்தைப் பார்த்து வேற கம்பெனிங்க புதுசா செய்யறது) கிடைக்குது, ஆனா விலையும் தரமும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கு. எதைத் துணிஞ்சு வாங்கலாம்?

கடைசல்பட்டறை:

முதல்ல வண்டிப் பேரைப் போட்டுத் தேடுறதை விடுங்க. ஐஎச் பாக எண்ணுக்குப் பின்னால ஆர்1, ஆர்2, சி1ன்னு ஒரு வால் இருக்கும், அது திருத்தத்தைக் குறிக்கிறது. 1981ல கப் கேடட் எம்டிடிங்கிற கம்பெனி கைக்கு மாறின பிறகும் பல பாகங்கள் பழைய எண்ணுக்கு முன்னால "ஐஎச்" சேர்த்தே பட்டியல்ல இருக்கு. வெறும் எண்ணைத் தட்டினா கணினி இல்லைன்னு சொல்லும், முன்னொட்டோட கேளுங்க.

"இனி வராது"ங்கிற பட்டியல்ல நிறைய, சாதாரண பேரிங்கும் ஆயில் சீலும்தான். பேரிங் ஓரத்துல எண் பொறிச்சிருக்கும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணையும் காலிப்பர்ல அளந்து பேரிங் கடையில கொடுங்க. அதுக்கு டிராக்டர் பேரே சொல்ல வேண்டாம், சொன்னா விலைதான் ஏறும்.

கிளட்ச்: எதையும் வாங்குறதுக்கு முன்னால ரிலீஸ் லீவருக்கும் த்ரோ-அவுட் பேரிங்குக்கும் (பெடலை மிதிச்சா லீவர் இந்த பேரிங்கைத் தள்ளித்தான் கிளட்ச் விடுபடும்) நடுவுல ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, விட்டுப் பாருங்க. பெடல் மேல இருக்கும்போது 0.050 அங்குலம் இடைவெளி வேணும். இடைவெளியே இல்லைன்னா லீவர் எப்பவும் ஸ்பிரிங்கை அழுத்திக்கிட்டே நிக்கும், தட்டு நழுவும், பேரிங்கும் கருகும். பெடல் ராட் நட்டைத் திருப்பினாலே சரியாப்போற கேஸ் நிறைய உண்டு.

இடைவெளி சரியா இருந்தும் நழுவினா எஞ்சினை முன்னால நகர்த்தி, பின்பக்கக் கப்ளிங்கோட பின்னை (குறுக்கு ஆணியை) தட்டி எடுத்து, கிளட்ச் தண்டை முழுசா வெளியே எடுங்க. ஃப்ரிக்ஷன் தட்டு, ஸ்பிரிங், த்ரோ-அவுட் பேரிங் மூணும் மறுதயாரிப்புல தாராளமா வாங்கலாம். பிரஷர் தட்டு ஓட்டைகளும் எஞ்சின் பக்கம் டிரைவர் தட்டோட மூணு பின்னும்தான் கவனிக்க வேண்டிய இடம். ஓட்டை நீண்டு, பின்ல பள்ளம் விழுந்திருந்தா தட்டு அந்தப் பள்ளத்துல சிக்கிக்கும், கிளட்ச் விடுபடாது. புதுத் தட்டைப் பழைய பின்ல மாட்டினா காசு தண்டம், ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க.

தண்டுல கப்ளிங் பின்னோட ஓட்டை அகண்டுபோச்சுன்னா புதுத் தண்டுதான். மறுதயாரிப்புத் தண்டு வந்ததும் மைக்ரோமீட்டர்ல 0.625 அங்குலம் இருக்கான்னு பாருங்க, ஓரத்துல அரத்தை வெச்சு ஒரு இழுப்பு இழுங்க. அரம் சுலபமாக் கடிச்சா மிருதுவான இரும்பு, திருப்பி அனுப்பிடுங்க. பின் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்: சுருள் பின் போடுங்க. ஒரே கீறல் உள்ள ரோல் பின் முன்பின் அதிர்ச்சியில தளர்ந்து மறுபடி ஓட்டையைத் தின்னும்.

கோலர்_கே:

கார்புரேட்டரைப் பற்றி மட்டும். குறைந்த விலை நகல் கார்புரேட்டரை வாங்காதீர்கள். பலவற்றில் மெயின் ஜெட்டைச் சரிசெய்யும் ஊசியே கிடையாது. த்ராட்டில் லீவரின் ஓட்டை சற்று இடம் மாறியிருந்தாலும் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கம்பி சரியாக இழுக்காது. கே301க்கு கவர்னர் அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று. அது தவறினால் அலுமினிய கனெக்டிங் ராட்தான் முதலில் போகும்.

ஐடிலிங் ஏறி இறங்குவதற்குக் காரணம் தேய்ந்த தண்டு வழியாக உள்ளே போகும் காற்று. கலவை மெலிந்து வேகம் விழுகிறது, கவர்னர் இழுக்கிறது, மறுபடி விழுகிறது. கார்புரேட்டர் உடலை அப்படியே வைத்துக்கொண்டு தண்டு துளையை ரீமர் போட்டுப் பித்தளை புஷ் இறக்குங்கள்; புதுத் தண்டு, ஊசி, சீட், கேஸ்கெட் அடங்கிய கிட் தனியாகக் கிடைக்கிறது. ரீமரைக் கையில் பிடித்து ஓட்டாதீர்கள். துளை சாய்ந்தால் த்ராட்டில் பட்டாம்பூச்சித் தகடு ஒரு பக்கம் உரசும். தகட்டின் திருகுகளுக்கு நூல்பூட்டுப் பசை கட்டாயம்: கழன்றால் நேரே சிலிண்டருக்குள் போகும்.

வாங்கும் முன் ஷ்ரௌடில் (எஞ்சினைச் சுற்றியுள்ள தகர உறையில்) உள்ள தகட்டைப் பாருங்கள். மாடல் எண் மட்டும் போதாது, ஸ்பெக் எண்ணும் வேண்டும். அறுபது வருட வண்டியில் எஞ்சின் மாறியிருக்கலாம். பிற்கால கே301 பிளாக்குகளில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர் இருக்கும், அது உடைந்தால் பிளாக்கையே கிழிக்கும் என்பதால் பலர் எடுத்துவிடுகிறார்கள்.

பாயிண்ட்ஸ், கண்டன்சர், ஹெட் கேஸ்கெட் எல்லாம் ஸ்டென்ஸ், ரோட்டரி போன்ற மாற்றுப் பாகக் கம்பெனிகளுடையது போதும். பாயிண்ட்ஸ் இடைவெளி 0.020 அங்குலம். ஹெட் போல்ட்டைச் சுற்று முறையில், 25 முதல் 30 அடி-பவுண்டு வரை படிப்படியாக இறுக்குங்கள்.

மஞ்சள்வண்டி:

லீவர்ல இடைவெளியே இல்ல! சரிசெஞ்சும் கொஞ்சம் நழுவுது, அதனால கழட்டத்தான் போறேன். எஞ்சின் நகர்த்தும்போதே முன்பக்க பிடிஓ (புல் வெட்டியை ஓட்டுற புல்லி) பேரிங்கையும் மாத்திடலாம்னு பாத்தா, மூணு கிரப் ஸ்க்ரூவையும் (தலையில்லாத திருகு) எடுத்த பிறகும் புல்லி அசையல. ஒரு விஷயம், பந்தயக்காரங்க போடுற பலமான கிளட்ச் ஸ்பிரிங் வாங்கலாமா?

ரெஞ்ச்_பதினாறு:

புல்லரை மாட்டாதீங்க! ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு கிரப் ஸ்க்ரூ, ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. மொத்தம் ஆறு. மேல உள்ளது வந்ததும் முடிஞ்சதுன்னு நினைச்சு இழுத்து புல்லியை உடைச்சவங்க ஏராளம். அல்லன் கீயை மறுபடி விட்டு அடியில உள்ளதையும் எடுங்க. துரு இருந்தா ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க.

பலமான ஸ்பிரிங் புல் வெட்டுற வண்டிக்கு வேண்டாம். கால்ல கனம் கூடும், அதே கனம் த்ரோ-அவுட் பேரிங் மேலயும் லீவர் முகத்து மேலயும் விழும்.

ஸ்டியரிங்: இது ராஸ் வகை கேம்-லீவர் பெட்டி. பூட்டு நட்டைத் தளர்த்தி சரிசெய்யும் போல்ட்டை இறுக்குங்க, சக்கரம் நேரா இருக்கும்போதும் ரெண்டு ஓரத்திலும் இறுகாம இருக்கான்னு பார்த்துப் பூட்டுங்க. நடுவுல ஆட்டம் போக இறுக்கினா ஓரத்துல பிடிக்குதுன்னா லீவரோட முளை தட்டையாத் தேய்ஞ்சிருக்கு. முளை தனியா மறுதயாரிப்புல கிடைக்கும், முழுப் பெட்டி தேவையில்ல. உள்ளே ஜான் டீர் கார்ன் ஹெட் கிரீஸ் போடுங்க. சாதாரண கிரீஸை கேம் ஒதுக்கிட்டு வறண்டு ஓடும், இது திரும்ப வழிஞ்சு வந்து ஒட்டும்.

சார்ஜ்: புது ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் (எஞ்சினைக் கிளப்புறதும் பேட்டரியை ஏத்துறதும் ஒரே மோட்டார்) வாங்குறதுக்கு முன்னால பெல்ட் இறுக்கமும் பிரஷ் நீளமும் பாருங்க. பிறகு சார்ஜைக் கட்டுப்படுத்துற டெல்கோ ரெகுலேட்டர் அடித்தகட்டைச் சுரண்டுங்க. பெயிண்ட் அடிச்ச வண்டியில ரெகுலேட்டருக்கு எர்த் கிடைக்காம போறதுதான் அடிக்கடி காரணம். அதுக்கும் ஏறலைன்னா ஜெனரேட்டரோட எஃப் (ஃபீல்டு) முனையில வர்ற வயரைக் கழட்டி, எஞ்சின் நடுத்தர வேகத்துல ஓடும்போது அந்த முனையை ரெண்டு மூணு நொடி மட்டும் பாடிக்கு எர்த் பண்ணுங்க. பேட்டரி வோல்ட் ஏறினா ஜெனரேட்டர் நல்லது, ரெகுலேட்டர்தான் போச்சு. புது ரெகுலேட்டர் மாட்டினதும், எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால, பேட்டரி முனைக்கும் ஜெனரேட்டர் முனைக்கும் ஒரு வயரை ஒரு கணம் தொட்டு எடுங்க. இந்தத் துருவப்படுத்தலை விட்டுட்டா ரெகுலேட்டர் பாயிண்ட் கருகிடும்; அதைக் கடைக்காரன் உத்தரவாதத்துல ஏத்துக்க மாட்டான்.