4090 போட்டும் 4கே ஏன் திக்குகிறது?

டைம்லைன் தம்பி:
கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக வீட்டில் புது பிசி போட்டேன். ஐ9-13900கேஎஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி. ஃபுட்டேஜ் சோனி கேமராவின் எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ், அதாவது ஹெச்.265 முறையில் சுருக்கிய வீடியோ: 4கே, 50 ஃப்ரேம், 4:2:2 (எவ்வளவு நிறத் தகவல் பதிவாகிறது என்ற கணக்கு) 10-பிட், விநாடிக்கு 200 மெகாபிட். எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரின் டைம்லைனில் ஒரு கிளிப்பே திக்குகிறது. இரண்டு ஆங்கிள் வைத்தால் படம் நின்றே விடுகிறது. நண்பனின் 12-ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் இதே கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வயிறு எரிகிறது. எங்கே கோளாறு?

ரெண்டர் ராசா:
சந்தேகமே வேண்டாம், டிஸ்க்தான். விண்டோஸ், கேஷ், ஃபுட்டேஜ் மூன்றும் ஒரே எஸ்எஸ்டியில் இருக்கும். பிரித்து வையுங்கள். ராமை 128 ஆக்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்தில் ஓட விடும் செட்டிங்) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய பாஸ்:
ராசா, கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்க. 200 மெகாபிட் என்றால் விநாடிக்கு 25 எம்பி. சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கே அதைத் தாராளமாகக் கொடுக்கும், என்விஎம்இக்கு அது தூசு.

தம்பி, ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எஃப் வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே அதில் இருக்கும் வீடியோ டிகோடரான குவிக் சிங்க்கும் கிடையாது. ஹெச்.265 4:2:2-வை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்வது, அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரித்துப் படமாக்குவது அதுதான், நண்பரின் லேப்டாப் ஓடுவதும் அதனால்தான். 4090-இன் டிகோடர் 4:2:0 எடுக்கும், 4:4:4 எடுக்கும், நடுவில் உள்ள 4:2:2-வை எடுக்காது. என்விடியா அதை ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில்தான் சேர்த்தது. ஆக, முழுச் சுமையும் சிபியு தலையில். ஹெச்.265-இல் ஒரு ஃப்ரேமைக் காட்ட அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் பிரித்தாக வேண்டும். பின்னோக்கி இழுத்தால் இன்னும் மோசம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் போய் ‘வீடியோ டிகோட்’ கிராஃபைப் பாருங்கள்.

டைம்லைன் தம்பி:
பார்த்தேன் அண்ணே. டிகோட் கிராஃப் தரையோடு தரையாகக் கிடக்கிறது, சிபியு எகிறுகிறது. “தனியா கார்டு போடுறீங்களே, எஃப் போதும், விலையும் கம்மி” என்று கடையில் சொன்னார்கள்.

ரெண்டர் ராசா:
கேம் ஆடுகிறவருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் அடுத்து ப்ரோரெஸ்ஸுக்கு (எடிட்டிங்கில் லேசாக ஓடும், ஆனால் பெரிய ஃபைல்) மாற்றச் சொல்வீர்கள், பாருங்கள். ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ 4கே 25 ஃப்ரேமுக்கே 737 மெகாபிட். 50 ஃப்ரேம் என்றால் விநாடிக்கு 180 எம்பியைத் தாண்டும். அப்போது டிஸ்க்கைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

கோவை எடிட்டர்:
ஹெச்க்யூ எதற்கு சார்? ஃபுல் ஹெச்டியில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி போடுங்கள், எடிட் செய்ய மட்டும் ஒரு சின்ன நகல். 50 ஃப்ரேமுக்கு 76 மெகாபிட், ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்குச் சுமார் 34 ஜிபி. ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம். எக்ஸ்போர்ட் எப்படியும் ஒரிஜினலில் இருந்துதான் போகும். ஒரு ரூபாய் செலவில்லை.

பழைய பாஸ்:
தாலி கட்டிய அன்று சாயங்காலமே ரீல்ஸ் கேட்கிறார்கள், ராத்திரி முழுக்க ப்ராக்ஸி ஓட்ட எங்கே நேரம்? கேஎஃப்பை விற்றுவிட்டு 13900கே வாங்கினால் அதே சாக்கெட்டில் உட்காரும். இல்லையென்றால் 4090 பக்கத்தில் ஒரு இன்டெல் ஆர்க் ஏ380 கார்டு. டிகோட் செய்ய மட்டும்.

கோவை எடிட்டர்:
இவ்வளவு காசு போட்டவரிடம் இன்னொரு கார்டா? கேமராவில் 4:2:0 10-பிட்டுக்கு மாற்றட்டும். 4090 அதை அநாயாசமாக ஓட்டும். யூடியூபுக்குப் போகும்போது எல்லாம் 4:2:0தான்.

பழைய பாஸ்:
சிவப்புப் பட்டுப்புடவையின் கரையில் நிறம் கசிவது முதலில் 4:2:0-இல்தான் தெரியும்.

கோவை எடிட்டர்:
மேலிருந்து கீழாக நிறத் தகவல் பாதிதான், அது உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க 300 சதவீதம் ஜூம் செய்ய வேண்டும். பெண் வீட்டார் அப்படியா பார்ப்பார்கள்? பச்சைத் திரை வைத்து முகூர்த்தம் எடுத்தால் சொல்லுங்கள், நானும் 4:2:2தான் கேட்பேன்.

டைம்லைன் தம்பி:
கையில் இருக்கிற ஃபுட்டேஜுக்கு இன்றைக்கே ப்ராக்ஸி ஓட விடுகிறேன். அடுத்த கல்யாணத்துக்கு 4:2:0. ஆர்க் யோசனையும் பிடித்திருக்கிறது, ஆனால் 4090 மூன்று ஸ்லாட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் இன்னொரு கார்டு நுழையுமா என்று கேஸைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.