தாத்தா சதாபிஷேகம் – திருக்கடையூர்

நான்: அம்மா, நேற்று ராத்திரி தாத்தாவை வீடியோவில் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கிறார், மூன்று நொடியில் அறுந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விசேஷத்தை ஹாஸ்டல் வைஃபையில் பார்க்க முடியாது போல. அறைக்குள் டவரும் கிடைப்பதில்லை

அம்மா: ஐயோ. நீ பார்க்காமலா?

சித்தி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நானும்தான் இல்லை. என் பையன் வயிற்றில் இருந்தான். சிடி வந்து சேர ஆறு மாதம்

சின்ன மாமா: மறுபடியுமா

சித்தி: மறக்கவில்லை, அவ்வளவுதான்

தம்பி: அக்கா, விபிஎன் போடு, தடையைத் தாண்டி வேறு கம்பெனி வழியாக நெட்டுக்குப் போகிற செயலி. இலவசமாகவே கிடைக்கும்

அம்மா: அது தப்பான காரியமா?

பெரிய மாமா: நம் நாட்டில் விபிஎன் குற்றம் இல்லை. ஆனால் இலவச விபிஎன் போட்டால் நீ பார்ப்பது எல்லாமே அந்தக் கம்பெனி வழியாகத்தான் போகும், காசு வாங்காதவன் எதை விற்றுப் பிழைக்கிறான் என்று யோசிக்க வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் விபிஎன் கூடாது என்றும் இருக்கிறது, நான்தான் உடன் இருந்து படித்தேன். கடைசி வருடத்தில் வேண்டாம் பாப்பா. நெட்டில் தகவல் போக டிசிபி, யூடிபி என்று முறைகள் உண்டு. மெசேஜ் டிசிபி வழியாகப் போகிறது, அது தடையில்லாமல் வரும். பேச்சும் படமும் யூடிபி வழியாகப் போகப் பார்க்கும், அதை ஹாஸ்டல் நெட்டுக்குக் காவல் நிற்கிற ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள். கூகுள் மீட்டும் முதலில் யூடிபியைத்தான் தேடும், கிடைக்காவிட்டால் டிசிபியில் 443-ஆம் போர்ட்டுக்கு வந்துவிடும். எல்லா வெப்சைட்டும் போகிற வாசல் அது, அதை மூட முடியாது. படம் திக்கித் திக்கி வரும், ஆனால் வரும். லேப்டாப்பில் மீட் போட்டுப் பார்

அத்தை: குருக்கள் 16 கலசமா 64 கலசமா என்று காலையிலிருந்து கேட்கிறார்

பெரிய மாமா: 64

சின்ன மாமா: அதை யார் முடிவு செய்தது அண்ணா?

நான்: மாமா, இன்னொன்று. ஹாஸ்டல் நெட்டுக்கான ஒரு டிஜிட்டல் சான்றிதழ் ஃபைலை இறக்கி ஏற்றச் சொல்லி மெஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஏற்றாவிட்டால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது

பெரிய மாமா: ஏற்றிவிட்டாயா?

நான்: லேப்டாப்பில் மட்டும்

பெரிய மாமா: போனில் வேண்டவே வேண்டாம். ஒட்டி அனுப்பிய தபாலை நடுவில் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்ப நாமே சம்மதம் கொடுக்கிற மாதிரி அது. ஆண்ட்ராய்டு 7-லிருந்து பெரும்பாலான செயலிகள் அப்படி ஏற்றிய சான்றிதழை நம்புவதில்லை, ஆனால் குரோம் நம்பும். அதில் பேங்க், மெயில் என்று எந்த பாஸ்வேர்ட் அடித்தாலும் ஹாஸ்டல் நெட்டை நடத்துகிறவர்களால் திறந்து பார்க்க முடியும். லேப்டாப்பில் பாடம் மட்டும் பார், பேங்க் பக்கம் போகாதே. கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல். எதைப் பார்ப்போம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று எழுதிக் கொடுக்காமல் இப்படிக் கேட்பது நியாயமே இல்லை

அம்மா: நான் வார்டனிடம் பேசட்டுமா? ஒரு இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதுமே

நான்: அவர் கையில் இல்லை அம்மா. எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், கையெழுத்து வாங்கி நெட்வொர்க் அறைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் என்கிற பாதுகாப்பான இணைப்பு போகிற 22-ஆம் போர்ட்டை அடைத்ததால், புரோகிராம்களைச் சேமிக்கிற கிட்ஹப் தளத்தில் புராஜெக்டை ஏற்ற முடியவில்லை என்று போன மாதம் கொடுத்த கடிதமே இன்னும் எச்ஓடி மேஜையில் இருக்கிறது. கிட்ஹப் 443 வழியாகவும் எஸ்எஸ்எச் வாங்கிக்கொள்கிறது, அதனால் தப்பித்தேன்

சின்ன மாமா: 64 கலசத்துக்கு எவ்வளவு ஆகும்? வேன் எத்தனை மணிக்கு?

அத்தை: கும்பகோணத்தில் நாலு மணிக்கு என்றார்கள்

சித்தி: நாலரை என்றல்லவா சொன்னார்கள்

தம்பி: மொட்டை மாடியில் டவர் வருமே அக்கா?

நான்: வரும். ஆனால் ஏழு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். முகூர்த்தம் ஆறரை

பெரிய மாமா: இன்று ராத்திரி ஒன்பதுக்கு மீட் சோதித்துப் பார்ப்போம். லிங்க் அனுப்புகிறேன்

அம்மா: ஒன்பதுக்கு அப்பா தூங்கிவிடுவார்

சித்தி: நான் வருகிறேன். குழந்தை பார்க்காமல் இருக்கக் கூடாது

நான்: சித்தி ❤️

சின்ன மாமா: கலசம்?