சளி கல்ச்சரில் "நார்மல் ஃப்ளோரா" என்று வந்தால் தொற்று இல்லையா?

கேள்வி: நுரையீரல் தொற்றுக்காக எடுத்த சளி கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் "எபிதீலியல் செல்கள் 25-க்கு மேல், சீழ் செல்கள் குறைவு, நார்மல் ஃப்ளோரா" என்று இருக்கிறது. தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1: கூடாதுங்க. எபிதீலியல் செல்கள் வாயின் உட்புறத்திலிருந்து உதிர்பவை. ஒரு லோ பவர் ஃபீல்டில் (மைக்ரோஸ்கோப்பில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வையில் தெரியும் பரப்பு) அவை 10-க்குக் கீழும் சீழ் செல்கள் 25-க்கு மேலும் இருந்தால் நல்ல மாதிரி. உங்க ரிப்போர்ட்டில் தலைகீழாக இருக்கு, அதனால் நீங்க கொடுத்தது பெரும்பாலும் எச்சில். நார்மல் ஃப்ளோரா என்பது வாயில் வழக்கமாக வாழும் கிருமிகள். சளியை மறுபடி கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமி, கெட்டியாக வருவதை மட்டும் டப்பாவில் துப்பணும். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரணும். வெளியே கிடந்தால் வாய்க் கிருமிகள் பெருகிவிடும், நிமோகாக்கஸ் (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) செத்துவிடும்.

பதில் 2: ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த பிறகு எடுத்த சளியா? அப்படியென்றால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீங்க, ஆபத்து.

பதில் 3: இந்த கல்ச்சரில் காசநோய் தெரியாது. அதற்கு ஏஎஃப்பி ஸ்மியர் (சளியில் காசநோய்க் கிருமியை மைக்ரோஸ்கோப்பில் தேடுவது), ஜீன்எக்ஸ்பெர்ட் (அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) தனியாக எழுதித் தரணும். மூச்சுத்திணறலோ சளியில் ரத்தமோ இருந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க.