புதுப்பிப்பு: அண்ணன் நினைவுக் களம்

போன பதிவில், காலமான நம் அஜிலிட்டி (நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டு) அண்ணன் நினைவாக, மாலை, பேனர் வேண்டாம், அறுவடை முடிந்த வயலில் பயிற்சிக் களம் போடலாம் என்று எழுதியிருந்தோம். நாய்கள் கம்பங்களுக்கு நடுவே வளைந்தோடும் கம்ப வரிசை தயார்.

எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு) அளவுப்படி 12 கம்பம், இடைவெளி 60 செ.மீ.; ஆக வரிசையின் நீளம் 6.6 மீட்டர். 32 மி.மீ. பி.வி.சி. குழாயை 1.1 மீட்டராக வெட்டினால் 6 மீட்டர் குழாயில் ஐந்து தேறும், மூன்று குழாய் போதும். மண்ணில் நேராகக் குத்தாதீர்கள். டெல்டா களிமண் ஈரத்தில் இளகிக் கம்பம் சாயும், காய்ந்தால் வெடித்து ஆடும். இரும்புப் பட்டையில் கம்பி பற்றவைத்து, குழாயை அதில் செருகியிருக்கிறோம்.

வெடிப்பில் நாயின் கால் சிக்கினால் நகம் பிய்யும், சுளுக்கும். முந்தின நாளே மணல் போட்டு நிரப்பிவிடுங்கள்.

தாண்டும் தடையின் குறுக்குக் கழியைக் கட்டவே கூடாது, பட்டதும் விழணும். அண்ணன் கறாராக இருந்த விஷயம் இது. (கட்டிவைத்தவர்கள் வாங்கிய திட்டு ஊருக்கே தெரியும்!)

ராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டிகளின் நீளக் காலைப் பார்த்து ஏமாறாதீர்கள். எலும்பு முற்றும்வரை கழி தரையோடு இருக்கட்டும். போட்டிக்கே 18 மாதம் ஆகியிருக்கணும்.

ஓட்டம் விடியற்காலையில் மட்டும். தண்ணீர்ப் பாத்திரம் அவரவர் கொண்டுவரவும்.